பந்தயமும் உத்தரவும்

2025-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 7-ந் தேதி இத்தாலி தேசத்தில் மான்ஸா என்னும் ஊரில் நடந்த மோட்டார் பந்தயத்தில், ஒருவருக்குச் சேரவிருந்த மூன்று பாயிண்டுகள் ஓர் உத்தரவினால் மற்றொருவருக்குப் போய்ச் சேர்ந்தன. மெக்லாரன் கோஷ்டியின் இரு சாரதிகளில் லாண்டோ நாரிஸ் இரண்டாவதாகவும், ஆஸ்கர் பியாஸ்திரி மூன்றாவதாகவும் ஓடிக்கொண்டிருந்தனர். சக்கரம் மாற்றுவதற்காக நாரிஸ் ஒதுங்கி நின்றபோது வேலை தடைப்பட்டது. இரண்டு மூன்று விநாடிகளில் முடிய வேண்டிய காரியத்துக்கு ஏறக்குறைய ஆறு விநாடிகள் பிடித்தன. அதற்குள் பியாஸ்திரி முந்திவிட்டார். இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும்படி கோஷ்டியார் ரேடியோ மூலம் பியாஸ்திரிக்குக் கட்டளையிட்டார்கள். சக்கரம் மாற்றுவதில் நேரும் தாமதமும் பந்தயத்தின் ஓர் அம்சந்தான் என்று முன்பே பேசியிருக்கிறோமே என்று அவர் ஆட்சேபித்தார், ஆட்சேபித்துவிட்டுக் கீழ்ப்படிந்தார்.

டிசம்பர் மாதம் அபுதாபியில் அவ்வருஷத்தின் கடைசிப் பந்தயம் முடிந்து கணக்குப் பார்த்தபோது நாரிஸுக்கு 423 பாயிண்டு. ரெட் புல் கோஷ்டியின் மாக்ஸ் வெர்ஸ்டாப்பனுக்கு 421. உலக சாம்பியன் பட்டம் இரண்டே பாயிண்டு வித்தியாசத்தில் நாரிஸைச் சேர்ந்தது. மான்ஸாவில் கைமாறிய மூன்றைக் கழித்தால் அவருக்கு எஞ்சுவது 420. அந்த மூன்று இல்லாதிருந்தால் அதன் பிறகு நடந்த பந்தயங்களும் வேறு விதமாகவே நடந்திருக்கலாமாகையால், இந்தக் கழித்தலைக் கொண்டு பட்டம் யாருக்குச் சேர வேண்டியது என்று தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ஆனால் பல வருஷங்களாக நடந்துவரும் ஒரு விவாதத்தின் கனம் இதனால் நன்கு விளங்குகிறது. ஒரே கோஷ்டியைச் சேர்ந்த இருவரில் ஒருவன் மற்றவனுக்கு வழிவிட வேண்டும் என்று கோஷ்டியார் உத்தரவிடுவது நியாயமா? அதைச் சட்டம் அனுமதிக்கலாமா?

பெருஞ் செல்வர்களின் பொழுதுபோக்கான மோட்டார் பந்தயத்தைப் பற்றிப் பொதுக் காரியங்களில் ஈடுபட்ட நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். கோயம்புத்தூர்க்காரரான நாராயண் கார்த்திகேயன் 2005-ம் வருஷத்தில் அப்பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் என்ற பெருமையை அடைந்தார் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம் வேறொன்று உண்டு. ஒரு ஸ்தாபனத்தில் சேர்ந்தவன் அதன் கட்டுப்பாட்டுக்கு எவ்வளவு தூரம் உட்பட வேண்டும், தன் முயற்சியின் பலனைத் துறக்கும்படி அவனைக் கேட்க ஸ்தாபனத்துக்கு எவ்வளவு தூரம் உரிமை உண்டு என்பதே இங்கே எழும் கேள்வி. இயக்கங்களில் உழைத்தவர்களுக்கு இது அந்நியமான கேள்வி அன்று. மோட்டார் பந்தயத்தில் அது மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில், கோடிக்கணக்கான ஜனங்களின் கண்முன்னே எழுகிறது என்பதுதான் வித்தியாசம்.

விஷயத்தின் வேர் எங்கே இருக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். பார்முலா ஒன் என்று வழங்கும் இந்தப் போட்டி 1950-ம் வருஷத்தில் ஆரம்பமாயிற்று. அப்பொழுது சாரதிகளுக்கு மட்டுமே பட்டம் உண்டு. 1958-ம் வருஷம் முதல் வண்டிகளைச் செய்யும் கோஷ்டிகளுக்கும் தனியாக ஒரு பட்டம் ஏற்பட்டது. இப்பொழுது ஒவ்வொரு கோஷ்டிக்கும் இரண்டு வண்டி, இரண்டு சாரதி. இருவரும் பெறும் பாயிண்டுகள் சேர்ந்து கோஷ்டியின் கணக்காகின்றன; போட்டி நடத்துவோரிடமிருந்து வரும் பரிசுப் பணமும் பெரும்பாலும் கோஷ்டிகளின் வரிசையைப் பொறுத்தே கிடைக்கிறது. ஆகவே ஒரே வண்டியில் ஒரே சமயத்தில் இரண்டு பந்தயங்கள் ஓடுகின்றன. சாரதி தனக்காக ஓடுகிறான். கோஷ்டி தனக்காக அவனை ஓட்டுகிறது. இவ்விரண்டும் ஒத்துப்போகும் வரையில் உத்தரவுக்கு அவசியமே இல்லை. மாறுபடும்போது எது மேல் என்பதே சச்சரவு.

உத்தரவு கூடாது என்பவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஜனங்கள் பணம் கொடுத்து வருவது வல்லவன் வெல்வதைப் பார்ப்பதற்கே. காரியாலயத்தில் எழுதிய முடிவை மைதானத்தில் படித்துக் காட்டுவதைப் பார்ப்பதற்கல்ல. சாம்பியன் பட்டம் தனி மனிதனின் பெயரால் வழங்கப்படுகிறது. அப்படியிருக்க, இன்னொருவன் விட்டுக்கொடுத்ததனால் கிடைத்த வெற்றியை அவனுடைய திறமை என்று எப்படிச் சொல்வது? கோஷ்டிக்கு வெளியே உள்ள மூன்றாவது மனிதனின் கதிதான் என்ன? அவன் ஒருவனோடு போட்டியிடுவதாக எண்ணி வந்திருக்க, இருவர் சேர்ந்து அவனை எதிர்க்கிறார்கள்.

உத்தரவு வேண்டும் என்பவர்களும் வெறும் வியாபாரம் பேசவில்லை. வண்டி கோஷ்டியினுடையது, அதைச் செய்ய நூற்றுக்கணக்கானவர்கள் இரவு பகலாக உழைக்கிறார்கள். இரு சாரதிகள் தம்முள் மோதிக்கொண்டு வண்டிகளை நொறுக்கினால் அவ்வளவு பேருடைய உழைப்பும் வீண். பிரான்ஸ் தேசத்தின் பிரசித்தமான சைக்கிள் பந்தயத்தில் தலைவனுக்காக மற்றவர்கள் காற்றைத் தடுத்து முன்னே செல்கிறார்கள். தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். தலைவனுடைய சைக்கிள் பழுதானால் தம்முடையதையே இறங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். அதைப் பார்த்து ஜனங்கள் முகம் சுளிப்பதில்லை. மோட்டார் வண்டியில் மட்டும் அது எப்படிப் பாவமாகும் என்று இவர்கள் கேட்கிறார்கள்.

இரு தரப்பையும் யோசித்துப் பார்த்த பின் நமக்குத் தோன்றும் முடிவு இது: உத்தரவைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம், தடுக்க வேண்டியது ஒளிவு மறைவையும் பொய்யையுமே. தடை போட்டுப் பார்த்தாகிவிட்டது. அதன் பலன் என்ன என்பது சரித்திரத்தில் இருக்கிறது.

2002-ம் வருஷம் மே மாதம் 12-ந் தேதி ஆஸ்திரியாவில் நடந்ததை அன்று பார்த்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பெராரி கோஷ்டியின் ரூபன்ஸ் பாரிக்கெல்லோ முதலிடத்திலிருந்து புறப்பட்டு, நன்றாக ஓட்டி, வெற்றியை எட்டிவிட்டார். கடைசிச் சுற்றில், முடிவுக் கோடு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், தம் வேகத்தைக் குறைத்துச் சக சாரதியான மைக்கேல் ஷூமாக்கருக்கு வழிவிட்டார். அவருக்கு அப்படி உத்தரவு. கூடியிருந்த ஜனங்கள் கூக்குரலிட்டு இகழ்ந்தார்கள். பரிசு மேடையில் வெட்கமடைந்த ஷூமாக்கர் முதல் படியில் பாரிக்கெல்லோவை ஏற்றிவிட்டுத் தாம் இரண்டாவது படியில் நின்றார். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த உத்தரவுக்கு அவசியமே இருக்கவில்லை. அதற்கு முந்திய ஐந்து பந்தயங்களில் நான்கை ஷூமாக்கரே வென்றிருந்தார். வருஷ முடிவில் அவருக்கு 144 பாயிண்டு, பாரிக்கெல்லோவுக்கு 77. அக்கால விதிப்படி முதலிடத்துக்குப் பத்தும் இரண்டாமிடத்துக்கு ஆறும் ஆகையால், உத்தரவினால் ஷூமாக்கர் அடைந்த லாபம் நான்கு. 67 பாயிண்டு முன்னால் நிற்பவனுக்காக இந்த நான்கைப் பறித்தார்கள்!

எப்.ஐ.ஏ. என்னும் சர்வதேச மோட்டார் சம்மேளனம் பத்து லட்சம் டாலர் அபராதம் விதித்து, அதில் பாதியை நிறுத்தி வைத்தது. அபராதம் எதற்கு? உத்தரவுக்கல்ல, அது அப்பொழுது குற்றமன்று. பரிசு மேடையில் முறை தவறி நின்றதற்கே! பிறகு அவ்வருஷ முடிவில், பந்தயத்தின் முடிவைப் பாதிக்கும் கோஷ்டி உத்தரவுகள் கூடா என்று சட்டம் செய்தார்கள்.

சட்டம் வந்தபின் உத்தரவு நின்றதா? இல்லை, அது மாறுவேஷம் பூண்டது. 2010-ம் வருஷம் ஜூலை 25-ந் தேதி ஜெர்மனியில் ஹாக்கன்ஹைம் மைதானத்தில் அதே பெராரி கோஷ்டியைச் சேர்ந்த பெலிப்பே மாஸா முன்னணியில் ஓடினார். சரியாக ஒரு வருஷத்துக்கு முன், அதே ஜூலை 25-ந் தேதியில், ஹங்கேரியில் இன்னொரு வண்டியிலிருந்து கழன்று பறந்துவந்த இரும்புச் சுருள் தலையில் தாக்கி, உயிருக்கு மன்றாடிப் பிழைத்தவர் அவர். அந்த நாளில் ஒரு வெற்றி அவருக்கு எவ்வளவு அருமையானதாக இருந்திருக்கும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய எஞ்சினீயர் ரேடியோவில், பெர்னாண்டோ உன்னைவிட வேகமாக வருகிறார், இச்செய்தி உனக்கு விளங்கிற்றா என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டார். மாஸாவுக்கு விளங்கிற்று, உலகத்துக்கும் விளங்கிற்று. பெர்னாண்டோ அலோன்ஸோ முந்திச் சென்று வென்றார். உத்தரவு எதுவும் இடவில்லை, செய்திதான் சொன்னோம் என்பது கோஷ்டியாரின் வாதம். ஒரு லட்சம் டாலர் அபராதத்தோடு விஷயம் முடிந்தது. கைமாறிய ஏழு பாயிண்டுகளும் அலோன்ஸோவிடமே இருந்துவிட்டன. தாம் செய்த சட்டத்தைத் தாமே காப்பாற்ற முடியாதென்று கண்ட சம்மேளனத்தார் 2011-ம் வருஷப் பந்தயங்களிலிருந்து அதை நீக்கிவிட்டார்கள்.

எட்டு வருஷத் தடையின் பலன் இவ்வளவுதான்: முன்பு நிஜம் பேசிச் செய்த காரியத்தைப் பொய் பேசிச் செய்யக் கற்றுக்கொண்டார்கள். பெட்ரோலைச் சிக்கனம் செய், எஞ்சினைக் காப்பாற்று என்றெல்லாம் ஒருவனுக்குச் சொன்னால் அதன் பொருள் அவனுக்குத் தெரிந்துவிடும்; எது மெய்யான எச்சரிக்கை, எது மறைமுகமான கட்டளை என்று நடுவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? நிறைவேற்ற முடியாத சட்டம் யோக்கியனை மாத்திரம் கட்டுகிறது. தந்திரக்காரனுக்கு அது வேலியாகிறது. நம் தேசத்தில் சட்டங்களோடு பழகியவர்களுக்கு இதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

அந்தத் தடை அமலில் இருந்த காலத்திலேதான் எல்லாவற்றையும்விடக் கேவலமான காரியம் நடந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். 2008-ம் வருஷம் செப்டம்பர் 28-ந் தேதி சிங்கப்பூரில், பார்முலா ஒன் சரித்திரத்திலேயே முதன்முறையாக இரவில் பந்தயம் நடந்தது. ரெனோ கோஷ்டியின் இளஞ் சாரதியான நெல்ஸன் பிக்கே ஜூனியர், வேண்டுமென்றே வண்டியைச் சுவரில் மோதினார். வழியை ஒழுங்கு செய்வதற்காக எல்லா வண்டிகளும் மெதுவாகச் செல்ல நேரிட்டது. முன்னதாகவே பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்திருந்த அதே கோஷ்டியின் அலோன்ஸோவுக்கு அது அனுகூலமாகி அவர் வென்றார். மறு வருஷத்தில் கோஷ்டியிலிருந்து நீக்கப்பட்ட பின் பிக்கே உண்மையை வெளியிட்டார். கோஷ்டியார் குற்றச்சாட்டை மறுக்கவில்லை. தலைவர்கள் இருவர் மீது சம்மேளனம் விதித்த தடையைப் பின்னால் ஒரு பிரெஞ்சு நீதிமன்றம் ரத்து செய்தது வேறு கதை. அன்று முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த மாஸா, அந்தக் குழப்பத்தில் பெட்ரோல் குழாய் கழலாமலே புறப்பட்டுப் பின்தங்கினார்; வருஷ முடிவில் ஒரே ஒரு பாயிண்டில் பட்டத்தை இழந்தார். அதைப் பற்றி 2024-ம் வருஷத்தில் லண்டன் நீதிமன்றத்தில் வழக்கும் தொடுத்தார்.

இருபத்துமூன்று வயது இளைஞன், தன் உத்தியோகம் நிலைக்குமோ நிலைக்காதோ என்று அஞ்சிய நிலையில், தன் உயிரையும் பார்வையாளரின் உயிரையும் பணயம் வைத்துச் சுவரில் மோதினான் என்றால், கீழ்ப்படிதல் என்ற நல்ல குணம் எந்தப் பாதாளம் வரையில் இறங்கக்கூடும் என்று தெரிகிறதல்லவா? இதைக் கட்டுப்பாடு என்று சொல்ல நா கூசுகிறது. தன் இடத்தைத் தோழனுக்கு விட்டுக் கொடுப்பது ஒன்று. பிறர் உயிருக்கு ஆபத்தை விளைவித்துப் பந்தயத்தையே கெடுப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே சட்டத்தின் ஒரே வாக்கியத்தில் போட்டு அடைத்ததுதான் சம்மேளனத்தார் செய்த முதல் தவறு.

இடத்தை விட்டுக்கொடுப்பதில் மேன்மையும் உண்டு. 1956-ம் வருஷத்தில் அதே மான்ஸாவில் பெராரி கோஷ்டியின் யுவான் மானுவல் பாங்கியோவின் வண்டி பழுதாயிற்று. அக்காலத்தில் ஒருவருடைய வண்டியை மற்றொருவர் வாங்கி ஓட்டிப் பாயிண்டுகளைப் பங்கிட்டுக்கொள்ள விதி இடங்கொடுத்தது. லூயிஜி முஸ்ஸோ தம் வண்டியைக் கொடுக்க மறுத்துவிட்டார். அவரை நாம் குறை கூறமாட்டோம். சக்கரங்களைச் சோதிக்க வந்து நின்ற பீட்டர் காலின்ஸோ, தமக்கே பட்டம் கிடைக்கும் வாய்ப்பு இருந்தும், யாரும் வற்புறுத்தாமலே இறங்கி வண்டியைப் பாங்கியோவிடம் கொடுத்தார். பாங்கியோ இரண்டாவதாக வந்து நான்காம் முறையாக உலக சாம்பியன் ஆனார். காலின்ஸுக்கு அப்பொழுது வயது 24. தமக்கு இன்னும் காலம் இருக்கிறது என்று அவர் எண்ணினார். இரண்டு வருஷங்களுக்குள் ஜெர்மனியில் ஒரு பந்தயத்தில் அவர் மாண்டார். பட்டம் அவருக்குக் கிட்டவே இல்லை. ஆயினும் பட்டம் பெற்ற பலரைவிட அவர் பெயர் அன்போடு சொல்லப்படுகிறது.

ஏகலைவன் கதையை நாம் குழந்தைப் பருவம் முதல் கேட்டு வருகிறோம். அருச்சுனனை மிஞ்ச ஒருவன் இருக்கக்கூடாதென்று துரோணர் கட்டை விரலைக் கேட்டார், அவன் கொடுத்தான். கொடுத்தவனை உலகம் போற்றுகிறது. கேட்டவரை இன்றுவரை யாரும் மெச்சவில்லை. வாங்கிய லாபத்தினால் அருச்சுனனின் புகழும் ஒரு துளி கூடவில்லை. தானாகக் கொடுத்தால் தியாகம். கேட்டு வாங்கினால் கொள்ளை. கோஷ்டித் தலைவர்கள் நினைவில் வைக்க வேண்டிய பாடம் இது. ஆஸ்திரியாவில் ஷூமாக்கர் மேடையில் படி மாறி நின்றாரே, அது அருச்சுனனுக்கும் உள்ளே உறுத்தியது என்பதற்கு அடையாளமல்லவா?

தெளிவில்லாத உத்தரவு இன்னொரு கேடு. 1982-ம் வருஷம் ஏப்ரல் 25-ந் தேதி இமோலா மைதானத்தில் பெராரி வண்டிகள் இரண்டும் முன்னால் ஓடின. மெதுவாகச் செல் என்று பலகை காட்டினார்கள். முன்னால் ஓடிய ஜில் வில்நெவ் அதற்கு, இருக்கும் வரிசையிலேயே முடிக்க வேண்டும் என்று பொருள் கொண்டார்; பின்னால் வந்த திதியே பிரோனி, வண்டியைக் காப்பாற்று என்பது மட்டுமே பொருள் என்று கொண்டு கடைசிச் சுற்றில் முந்தி வென்றார். நண்பர்கள் இருவரும் அன்றோடு பேச்சை நிறுத்தினார்கள். பதின்மூன்று நாட்களுக்குப் பின் பெல்ஜியத்தில் தகுதிச் சுற்றில் வில்நெவ் விபத்துக்குள்ளாகி உயிர் நீத்தார். விபத்துக்கு அந்த மனஸ்தாபமே காரணம் என்று நாம் துணிந்து கூறமாட்டோம். ஆனால் ஒரு பலகையில் எழுதிய ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்ததால் இரண்டு மனிதர்கள் பகைவர்களாகி, சமாதானம் செய்துகொள்ளச் சந்தர்ப்பமே இல்லாமற் போயிற்று. 2013-ம் வருஷத்தில் மலேசியாவில் ரெட் புல் கோஷ்டியார் ‘மல்ட்டி 21’ என்று சங்கேதம் சொன்னார்கள். இரண்டாம் எண் வண்டி முன்னும் முதல் எண் வண்டி பின்னுமாக முடிக்க வேண்டும் என்பது அதன் பொருள். செபாஸ்டியன் வெட்டல் அதை மீறி மார்க் வெப்பரை முந்தினார். அங்கே கெட்டது வெறும் வரிசை மாத்திரமல்ல. ஒரு கோஷ்டிக்குள் ஒருவர் சொல்லை ஒருவர் நம்பும் நம்பிக்கையே கெட்டது.

நம்பிக்கையைக் காப்பாற்றிய உதாரணமும் உண்டு. 2017-ம் வருஷம் ஹங்கேரியில் மெர்ஸிடிஸ் கோஷ்டியின் வால்டேரி போட்டாஸ், முன்னால் ஓடும் பெராரி வண்டிகளைப் பிடிக்க முயலும்படி லூயிஸ் ஹாமில்டனுக்கு வழிவிட்டார். முடியாவிட்டால் இடத்தைத் திருப்பித் தருவதென்று பேச்சு. ஹாமில்டனால் முடியவில்லை. கடைசி வளைவில் வேகத்தைக் குறைத்து, போட்டாஸை முன்னே விட்டு, மூன்றாமிடத்துக்குரிய 15 பாயிண்டுகளைத் துறந்து நான்காமிடத்துக்குரிய 12-ஐப் பெற்றார். பட்டத்துக்காகக் கடும் போட்டியில் இருந்த மனிதர் அப்பொழுது அவர். சொன்ன சொல்லும் காத்தார். அவ்வருஷப் பட்டமும் பெற்றார். அதே கோஷ்டி மறு வருஷம் ரஷ்யாவில் போட்டாஸ் கைக்கு வந்த வெற்றியை ஹாமில்டனுக்கு மாற்றியது. ஹாமில்டன் அவ்வருஷம் 88 பாயிண்டு வித்தியாசத்தில் பட்டம் வென்றார். போட்டாஸுக்கு வருஷம் முழுதும் ஒரு வெற்றியும் இல்லை. முதற் காரியத்தை உலகம் மெச்சிற்று. இரண்டாவதை யாரும் மெச்சவில்லை. இரண்டும் கோஷ்டி உத்தரவுகளே. வித்தியாசம் உத்தரவில் இல்லை. அதன் நியாயத்திலும் அவசியத்திலும் இருக்கிறது.

ஆகையால் உத்தரவை அனுமதிக்கலாம் என்கிறோம். ஆனால் நான்கு நிபந்தனைகளை வற்புறுத்துகிறோம். முதலாவது, உத்தரவு பகிரங்கமாக இருக்க வேண்டும். எல்லோரும் கேட்கும் ரேடியோவில், எல்லோருக்கும் புரியும் பாஷையில், இன்ன காரணத்துக்காக இன்னாருக்கு வழிவிடு என்று சொல்ல வேண்டும். இரண்டாவது, ஒருவன் துணைவனாகவே ஓட வேண்டியவனானால் அதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போதே அவனுக்குச் சொல்லிவிட வேண்டும். சமமென்று வாக்களித்துச் சேர்த்தவனை, அவனுக்குப் பட்டம் கிட்டுவதற்குக் கணக்கில் வழி இருக்கும் வரையில், பின்னுக்குத் தள்ளக் கூடாது. மூன்றாவது, உத்தரவு கோஷ்டியின் இரு வண்டிகளின் வரிசையைப் பற்றியதாக இருக்கட்டும்; மற்றொருவன் உயிருக்கோ வண்டிக்கோ ஊறு செய்யும் உத்தரவைப் பிறப்பித்தவன் அதன்பின் பந்தய மைதானத்தில் காலடி வைக்கக் கூடாது. நான்காவது, உத்தரவுக்கு உட்பட்ட சாரதி பந்தயம் முடிந்ததும் நடந்ததை நடந்தபடி சொல்ல உரிமை உடையவனாக இருக்க வேண்டும். அதற்காக அவன் உத்தியோகத்துக்குப் பங்கம் வரக் கூடாது.

இவற்றில் பொய் சொல்பவனைத் தண்டிப்பதே சம்மேளனத்தின் வேலை. அது முடியாத காரியமும் அன்று. 2009-ம் வருஷம் ஆஸ்திரேலியாவில் ஜார்னோ ட்ரூல்லிக்கு வழிவிடும்படி ரேடியோவில் தமக்கு வந்த செய்தியை ஹாமில்டனும் அவர் கோஷ்டியாரும் நடுவர்களிடம் மறைத்தார்கள். ரேடியோப் பதிவு வெளிவந்ததும் அவர் பெற்ற மூன்றாமிடம் பறிக்கப்பட்டது; அவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். வழிவிட்டது அங்கே குற்றமன்று. அதைப் பற்றிச் சொன்ன பொய்தான் குற்றம். அந்தத் தண்டனையை யாரும் குறை கூறவில்லை. உத்தரவைத் தேடிப் பிடிக்க முடியாத சட்டம், பொய்யைத் தேடிப் பிடிக்க முடிந்தது.

மூன்றாவது மனிதனுக்கு அநீதியல்லவா என்ற ஆட்சேபம் எஞ்சி நிற்கிறது. மான்ஸாவின் மூன்று பாயிண்டுகளால் வெர்ஸ்டாப்பன் நஷ்டமடைந்தார் என்றே வைத்துக்கொள்வோம். அவரே 2021-ம் வருஷம் அபுதாபியில் முதன்முதலாகப் பட்டம் வென்ற அன்று, அவருடைய கோஷ்டித் தோழரான செர்ஜியோ பெரஸ் ஹாமில்டனை வழிமறித்துப் பல விநாடிகளைத் தின்றதை உலகமே பார்த்தது. இது கோஷ்டிகள் ஆடும் ஆட்டமும்கூட என்று தெரிந்தேதான் ஒவ்வொருவரும் இறங்குகிறார்கள். தெரிந்து ஏற்ற நிலைமையில் அநீதி இல்லை. தெரியாமல் மறைத்துச் செய்வதே அநீதி.

மான்ஸாவில் பியாஸ்திரிக்கு வந்த உத்தரவு சரியான உத்தரவுதானா என்பது பற்றி நமக்குச் சந்தேகம் உண்டு. கோஷ்டியின் கைத்தவறுக்கு அவர் ஏன் விலை கொடுக்க வேண்டும்? பட்டத்துக்கு அவரும் உரியவராகவே இருந்த சமயம் அது. நாம் கூறிய இரண்டாவது நிபந்தனைக்கு அது ஒவ்வாது. ஆனால் அந்த உத்தரவு ஒளிக்கப்படவில்லை. அவருடைய ஆட்சேபமும் ஒளிக்கப்படவில்லை. இரண்டையும் உலகம் கேட்டது. கேட்ட ஒவ்வொருவனும் இன்று தன் அறிவுக்கு எட்டியபடி அதைத் தூற்றலாம், போற்றலாம். தவறான உத்தரவாயினும் வெளிச்சத்தில் நின்றால் அதைத் திருத்த வழி உண்டு. சரியான உத்தரவாயினும் இருட்டில் நின்றால் அதை நம்புவதற்கு வழியில்லை. பந்தய மைதானத்துக்கு மட்டுமன்றி, மனிதர் கூடிக் காரியம் செய்யும் எந்த இடத்துக்கும் இது பொருந்தும் என்பதே நமது அபிப்பிராயம்.